‘ரைட்’ என்றொரு கட்டளை

எழுபதுகளின் கடைசி. திருப்பூர் நூல் மில்லில் கம்ப்யூட்டர் இயக்குவது என் வேலை. தினமும் பத்து மணிக்குக் கரண்ட் போகும். அன்று அதற்குமுன் ஆர்டர்களைச் சேமிக்க ‘ரைட்’, அதாவது ‘எழுது’ என்ற கட்டளை கொடுத்து, ‘முடிந்தது’ என்று வந்ததும் கம்ப்யூட்டரை அணைத்தேன். கரண்ட் திரும்பியபின் பார்த்தால் ஒன்றுமே இல்லை! முதலாளி கம்ப்யூட்டர் அறை வாசலிலேயே நின்றார்.

அந்தக் கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலை எழுதிய இன்ஜினியர் வந்தார்.

“முடிஞ்சுதுன்னு வந்துதுங்க, அதான் அணைச்சேன்” என்றேன்.

“அது டிஸ்க்குல உடனே எழுதாதுங்க, வரிசையில வெச்சிருக்கும்; அதுக்குள்ள அணைச்சா எல்லாம் போயிரும். அதுக்குப் போய் ‘ரைட்’னு பேர் வெச்சது என் தப்புங்க” என்று முதலாளி காதுபடச் சொன்னார். பெயரையும் அப்போதே மாற்றினார்.

இன்று பனியன் கம்பெனி நடத்தும் என் மகன், “பண்டல் அனுப்பியாச்சும்மா” என்பான்.

“லாரி ஏறிருச்சா கண்ணு, வாசல்ல கெடக்குதா?” என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.