அம்மா அழித்த வரி

சிங்கப்பூரில், பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி ப்ளாக் லிஃப்டுக்காக நின்றபோதுதான் அது தோன்றியது. பக்கத்து வீட்டு அங்கிள் அவசரத்தில் பொத்தானை நான்கு முறை குத்தினார். விளக்கு ஒரு முறைதான் எரிந்தது. விரல் நான்கு தடவை போயிருக்கிறது, லிஃப்டுக்குத் தெரிந்தது ஒன்று. அப்படியென்றால் விரல் ஒரு தடவை போக, இயந்திரம் இரண்டு என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறதே? மூன்று நாளாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தானே?

கதவு திறந்தது. நான் ஏறவில்லை.

"வரலையா?" என்றார் அங்கிள்.

"எங்கம்மா பொய் சொல்லல அங்கிள்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே மேலே போனார்.

அம்மா வியாழக்கிழமைதோறும் எங்கள் சர்ச் ஆபிஸில் உட்கார்ந்து, ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசிக்கும் பட்டியலைத் தட்டச்சு செய்வார். யாருக்கு நினைவு நாள், யாருக்கு உடம்பு சரியில்லை, என்னென்ன மன்றாட்டு. சம்பளம் கிடையாது. ஆனாலும் வீட்டில் அதற்கு "என் டூட்டி" என்றுதான் பெயர். போன வாரப் பட்டியலைத் திறந்து, முடிந்தவற்றை வரி வரியாக நீக்கிவிட்டுப் புதியவற்றைச் சேர்ப்பார். முன்கூட்டியே கொடுத்தவர்களின் பெயர்களும் அதே பட்டியலில்தான் காத்திருக்கும். அதற்கான சின்ன மென்பொருளை எழுதியவன் நான். புது வரி எழுதும்போது பேக்ஸ்பேஸ் வழக்கம்போல எழுத்தெழுத்தாக அழிக்கும்; எழுதி முடித்த வரியின் மேல் நின்று ஒரு முறை அமுக்கினால் அந்த வரியே போய்விடும், அடுத்த வரி மேலே வந்து நிற்கும். 'நிச்சயமாகவா?' என்று கேட்காது. அப்படிக் கேட்கும் பெட்டிகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

அந்த ஞாயிறு, ஜாலான் புசாரில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், தன் அப்பாவின் முதலாண்டு நினைவுக்காகக் குடும்பத்தோடு வந்து இரண்டு பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார். பெயர் வாசிக்கப்படவே இல்லை. பட்டியலில் அது இல்லை. அண்ணன் சத்தம் போடவில்லை, பூசை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் அம்மாவுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். பங்குப் பேரவைச் செயலாளர் ஆன்ட்டி வாசலிலேயே மெதுவாகச் சொன்னார்: "மாசக் கடைசி மீட்டிங்ல பேசுவோம். வேற யாராச்சும் எடுத்துக்கட்டும். உங்களுக்கும் ரெஸ்ட் வேணுமில்ல."

தேக்கா சாப்பாட்டுக் கடையில் அன்று அம்மா தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார், சாப்பிடவில்லை.

"நான் ஒரு தடவதான்டா அமுக்குனேன்."

"ரெண்டு தடவ போயிருக்கும்மா, அடுத்த வரியும் சேந்து போயிடுச்சு. வயசாகுதுல்ல, கை தானா போயிடும் லா."

"எனக்குத் தெரியாதா என் கை?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

இதைச் சொன்ன நான் அப்போது இரண்டு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். சாங்கியில் ஒரு சரக்குக் கம்பெனியில் மென்பொருள் வேலை. பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, எம்ஆர்டி ரயில் ஏறி, ஏதாவது ஒரு நூலகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். அம்மா சாப்பாடு கட்டிக் கொடுப்பார். அதை நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

லிஃப்ட் அங்கிள் புண்ணியத்தில் எனக்குப் பரபரப்பு வந்துவிட்டது. சர்ச் கணினியில் நான்தான் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தேன். அதில் விசைப்பலகையில் நடக்கும் ஒவ்வொன்றும் ஒரு சிறு குறிப்பாக வரும். என்ன நேரம், எந்த விசை, என்ன ஆனது. அமுக்கினால் 1, விட்டால் 0, அமுக்கியபடியே வைத்திருந்தால் 2. விசைக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். பேக்ஸ்பேஸ் 14. நேரம் மில்லி விநாடிக்கும் கீழே போய் எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்புகளை அப்படியே பிடித்து ஒரு கோப்பில் சேமிக்க இருபது வரி நிரல் போதும். நூலகத்திலேயே எழுதி முடித்தேன்.

வியாழன் காலை, வேலைக்குப் போகும் வழியில் என்று சொல்லி, சர்ச் ஆபிஸில் அதை ஓட விட்டேன். "சின்னதா ஒரு செக் பண்றேன்மா," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. எல்லா விசையையும் பதிவு செய்கிறேன் என்று சொல்லவில்லை. அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை, 14 மட்டும்தான் என் கண்ணில் இருந்தது.

சனிக்கிழமை கோப்பைத் திறந்தேன். தேட வேண்டியதே இல்லை. 14 அமுக்கப்பட்டது, விடப்பட்டது, எட்டு மில்லி விநாடியில் மறுபடி அமுக்கப்பட்டது. எந்த மனித விரலும் அப்படிப் போக முடியாது. விசைக்கு உள்ளே உலோகம் தேய்ந்து துள்ளியிருக்கிறது. அந்த இடத்தில் அம்மாவின் விரல் ஒரே ஒரு தடவைதான் போயிருந்தது. நாற்காலியிலிருந்து குதித்தேன்.

அங்கேயே மூடியிருக்கலாம். மூடவில்லை. இன்னும் எத்தனை இடத்தில் துள்ளியிருக்கிறது என்று கீழே இறங்கினேன். ஓரிடத்தில் 14 வரிசையாக நாற்பதுக்கும் மேல் வந்திருந்தது. அவ்வளவு நீளமாக எதை அழித்தார்? அதற்கு முன்னால் இருந்த எண்களை எழுத்தாக மாற்றினேன். அம்மா ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் தமிழை வரவழைப்பார், அதனால் வாசிக்கக் கஷ்டமில்லை.

'வேலையை விட்டதைச் சொல்லத் தயங்கும் என் மகனுக்குச் சொல்லும் துணிவு கிடைக்க.'

பிறகு பத்தொன்பது விநாடி எதுவும் இல்லை. கை விசைப்பலகையில் படவே இல்லை. பிறகு அந்த நாற்பது சொச்சம் பேக்ஸ்பேஸ், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக. அதற்குப் பின் புதிதாக ஒரு வரி: 'வேலை தேடும் இளையோர் அனைவருக்காகவும்.'

திரையில் அழித்தது போய்விடும். ஆனால் கீழே, அந்தக் குறிப்புகளின் மட்டத்தில், அழிப்பதும் இன்னொரு விசைதான். எழுதியது அப்படியே கிடக்கும், பக்கத்தில் அழித்ததும் கிடக்கும். தெரிந்த விஷயம்தான். சாங்கியில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு அது நடக்கும் என்று நினைத்ததில்லை.

மறுநாள் பூசையில் அந்தப் பொதுவான வரியை ஒரு பெண் தெளிவாக வாசித்தாள். எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். பக்கத்தில் அம்மாவும் சொன்னார், என் பக்கம் திரும்பாமல்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பை அழித்தேன். அம்மாவின் பக்கம் நின்ற ஒரே ஆதாரம் அது. எட்டு மில்லி விநாடி இருந்த பக்கத்தை மட்டும் வெட்டி ஆன்ட்டியிடம் காட்டியிருக்கலாம்தான். ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்று அம்மா கேட்டால்? புது விசைப்பலகை வாங்கி வைத்துவிட்டால் இனிமேல் பெயர் விட்டுப்போகாது, சரி. அம்மா ஒரு தடவைதான் அமுக்கினார் என்பது ஆன்ட்டிக்கும், அந்த ஹார்ட்வேர் கடை அண்ணனுக்கும் எப்படித் தெரியும்?

நேற்று நிரலை மாற்றி எழுதினேன். இப்போது அது 14-ஐத் தவிர எதையும் தொடாது. நேரம், அமுக்கியது, விட்டது, அவ்வளவுதான். வேறு எந்த விசை வந்தாலும் எழுதாமல் விட்டுவிடும். பட்டியல் மென்பொருளிலும் அந்த எரிச்சலூட்டும் கேள்வியைச் சேர்த்துவிட்டேன்: 'இந்த வரியை நீக்கவா?'

மீட்டிங்குக்கு முன்னால் ஒரு வியாழன்தான் மிச்சம். பழைய விசைப்பலகை அப்படியே இருக்கும், அது மறுபடி துள்ளினால் இந்த முறை ஆன்ட்டியிடம் காட்டலாம். சட்டை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போகாமல் அம்மாவோடு சர்ச் ஆபிஸுக்குப் போகப்போகிறேன். நிரலை அவர் கண் முன்னால் திறந்து, போன தடவை என்ன செய்தது, இந்தத் தடவை என்ன செய்யும் என்று காட்டி, ஓட விடவா என்று கேட்கப்போகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். அதைக் கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் அழித்ததைப் படித்தேன் என்பதிலிருந்து தொடங்குவதா, வேலையிலிருந்து தொடங்குவதா என்றுதான் இன்னும் தெரியவில்லை. வேலையிலிருந்தே தொடங்கிப் பார்க்கிறேன்.