ஒரு பிடி சீனி

மாரி அண்ணே, உன் பேராலதான் உனக்கு அத்தனை சங்கடமும் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்போது நாங்கள் எஸ்டேட்டை விட்டு, மலாயாவில் குளுவாங் என்ற ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எஸ்டேட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு எங்கள் காதில் விழுந்ததே இல்லை. ஒரே ஒரு பசுமாடு இருந்தது. அதன் பாலை ஊற்றினால்தான் எங்களுக்குச் சோறு. ஒரு நாள் காலையில் அண்ணன் பால் தூக்கோடு தண்டவாளத்தைத் தாண்டியபோது ஒரு மாத்தா (போலீஸ்காரரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கையை ஆட்டி, "மாரி! மாரி சீனி!" என்று கத்தியிருக்கிறார். அண்ணன் தூக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான்.

"ஏ புள்ள, அவனுக்கு எம்பேரு தெரிஞ்சிருக்கு! எஸ்டேட்டு கடையில ஒரு பிடி சீனி அள்ளுனோமே, அதுவும் தெரிஞ்சிருக்கு!"

"அத நானுந்தான தின்னேன்?"

"உம்பேரச் சொல்லலியே!"

அன்றிலிருந்து கடைத்தெருவில் பால் ஊற்றுவது என் வேலை. வாசலில் யார் கூப்பிட்டாலும் அண்ணன் மாட்டுக்குப் பின்னால் போய் ஒளிவான். பிறகு ஒரு நாள் அந்த மாடும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தேடினால், போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கட்டிக் கிடக்கிறது. நான் போய்க் கேட்டேன். வீட்டு ஆம்பளை வரட்டும் என்று சைகையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாடு இல்லையென்றால் மறுநாள் உலை வைக்க முடியாது. அண்ணன் குளித்து, திருநீறு பூசி, தூக்குக்குப் போகிறவன் மாதிரி என்கூட வந்தான். உள்ளே அதே மாத்தா. அண்ணனைப் பார்த்துச் சிரித்தபடி, "மாரி, மாரி!" என்றார்.

அண்ணன் தடாலென்று அவர் காலில் விழுந்தான்.

"ஆமா துவான், ஐயா, நாந்தான் மாரி! ஒரு பிடிதான் துவான், ஒரே பிடி!"

அவர் பயந்துபோய், எதிர்க் கடையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த தமிழ் பாயைக் கூட்டிவந்தார். பாய் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட மடையா! மலாய்ல மாரின்னா வா. சினின்னா இங்க. அன்னிக்கி உன் தூக்கு ஓட்டையில பால் ஒழுகுச்சாம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டாராம்!"

"அப்ப சீனி?"

"அது நீயா ஒத்துக்கிட்டது. நான் அவருகிட்டச் சொல்லல, எந்திரி!"

மாத்தாவே மாட்டை அவிழ்த்துக் கொடுத்தார். அப்புறம் தினமும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து "மாரி, மாரி!" என்று கத்துவார். ஒன்று பேருக்கு, இன்னொன்று கூப்பிட. அண்ணன் ஓடுவான், இப்போது அவரைப் பார்த்து. மாத்தா தலை தெரிந்தாலே கதவைச் சாத்தும் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள், கோழி காணோம் என்றால்கூட, "மாரி, உன் மாத்தாகிட்டச் சொல்லுப்பா" என்று வந்து நிற்க ஆரம்பித்தார்கள். நான் அவனைச் சீனி மாரி என்று கேலி செய்து அடி வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் போய்விட்டான். மாத்தா வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "மாரி" என்றார். இரண்டாவது மாரி அவர் வாயில் வரவில்லை.

படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பிடி சீனியையும் மன்னிக்கச் சொல்லுங்கள். அதில் பாதி நான் தின்றது.