பிழை திருத்துகிறவரின் குடித்தனம்

அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் 'ப்ரூஃப் சார்'. மாதம் இரண்டு காதல் நாவல் வெளியிடும் அந்த மாடி அறையில் பதினாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்க்கிறவர். எழுத்துப்பிழை மட்டுமில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் நீலச் சட்டையோடு வந்தவன் பதினான்காம் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றால், ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுத்தாளரையே போனில் கூப்பிட்டுக் கேட்டுவிடுவார். இதுவரை முந்நூற்று எண்பது நாவலாவது தேறும். காதலைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. பாவம், மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு காதல் கூட நடந்ததில்லை.

கல்யாணமே நாற்பத்தியோரு வயதில்தான் நடந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். முப்பத்தெட்டு வயது. தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த பிறகு தன்னைப் பற்றி யோசித்தவள். நன்றாகப் பேசுவாள், சிரிப்பாள். இவர்தான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரிந்த கதாநாயகர்கள் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வார்கள், பெண்ணின் மனசு அவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும். இவரும் அப்படியே இருந்தார். படுக்கையறையிலும் அதே கதைதான். உனக்கு என்ன பிடிக்கும், எது வேண்டாம் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது மாதம், ஒரு காலையில், அவள் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து போய் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க," என்றாள்.

இந்த இடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உதடுதான் விடு என்று சொல்லும், மனசு விடாதே என்று கெஞ்சும். பிடியை இன்னும் இறுக்கிப் புன்னகைத்தார். அவள் கையை வெடுக்கென்று உருவினாள். பால் பாத்திரம் கவிழ்ந்து அவள் கை முழங்கை வரை சிவந்துபோனது. அவள் கத்தவில்லை. குழாயடியில் கையைக் காட்டியபடி நின்றாள். அன்றைக்கே தன் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த மகானுபாவர் அப்போதும் கலங்கவில்லை. இது ஊடல், இன்னும் ரெண்டு அத்தியாயத்தில் அவளே வருவாள் என்று தைரியமாக இருந்தார். நடுவில் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வேறு வந்துவிட்டது. உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. காய்ச்சல் வந்தால் நாயகி பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுவாள் இல்லையா? இவள் ஊசியோடு வந்தாள். "லேசா குத்துவேன், குத்தட்டுமா?" என்று கேட்டு ரத்தம் எடுத்துப் போனாள். மாலையில் வந்து, "டைஃபாய்டு இல்ல. தண்ணி நிறைய குடிங்க," என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"தங்கச்சி வீட்டுப் பக்கம் இருக்கற எங்க ஆஸ்பத்திரிக் கிளைக்கு மாத்தல் கேட்டிருந்தேன். கெடச்சிருச்சு. ஒண்ணாம் தேதி போறேன்."

"எப்ப வருவே?"

"வருவேனான்னு தெரியல."

அப்போதுதான் அவர் எழுந்து உட்கார்ந்தார். முந்நூற்று எண்பது நாவலில் எந்த நாயகியும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதில்லை.

காய்ச்சல் விட்டதும் அச்சகத்துக்குப் போனார், மேசையில் புது நாவல் காத்திருந்தது. நாற்பதாம் பக்கத்தில் அதே இடம். 'விடுங்கள் என்றாள். ஆனால் அவள் மனம் வேறு சொன்னது.' பேனா நின்றுவிட்டது. வேறு சொன்னது என்று யார் சொன்னார்கள்? பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த மாதிரி வரி ஒன்றின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டார். அதை எழுதிய அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அவளுக்குப் பிடிச்சிருக்குன்னு அவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அவனுக்கு எங்க சார் தெரியும்? எனக்குத் தெரியும். அவ மனசையும் நான்தானே எழுதறேன்? எங்க வீட்டுக்காரர் இப்படிக் கையைப் பிடிச்சு முறுக்கினா கரண்டியாலயே ஒண்ணு போடுவேன். படிக்கற பொம்பளைங்களுக்கும் அது தெரியும் சார். ஆசைக்குப் படிக்கறாங்க, புத்தகத்த மூடிட்டு வேலையப் பாக்கறாங்க."

போனை வைத்துவிட்டுப் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் நாவல் படிக்கிறவளுக்குத் தெரிந்தது, எழுத்து எழுத்தாகப் படித்த தனக்குத் தெரியாமல் போயிற்றே! பிழையில்லாத பக்கம் என்றால் உண்மையான பக்கம் என்று நம்பியிருக்கிறார். நாவல்மேல் பழி போட வழியில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ விடுங்கன்னு சொன்னது..."

"விடுங்கன்னுதான் சொன்னேன்."

"உனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

"யார் சொன்னா?"

சொல்ல நாக்கு கூசியது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னார், காய்ச்சலுக்குச் சந்தோஷப்பட்டதைக் கூட விடாமல். அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கண் நிறைந்துவிட்டது.

"எனக்குப் பயமா இருந்துச்சுங்க. இந்த வயசுல இப்படி ஒரு ஆளுகிட்ட வந்து மாட்டிக்கிட்டோமேன்னு இருந்துச்சு. அப்பவும் நீங்க சிரிச்சிட்டு நின்னீங்க."

அவருக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டார். அவள் மடித்த துணியைப் பெட்டியில் வைத்தாள்.

ஒன்றாம் தேதி பஸ் நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் நின்று, "நாளைக்கு வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். வராதீங்க."

அவருக்குத் தெரிந்த நாயகன் ஒவ்வொருவனும் இந்நேரம் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பான். மறுநாள் கொட்டுகிற மழையில் போய் வாசலில் நின்றிருப்பான். மறுநாள் நிஜமாகவே மழை கொட்டியது. இருப்புக்கொள்ளாமல் நாலு தடவை செருப்பை மாட்டி நாலு தடவை கழற்றினார். போகவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"நேத்து வரலியே?"

"நீ வேணாம்னு சொன்னியே."



"ஆமா, சொன்னேன்," என்றாள். "ஞாயித்துக்கெழம வாங்க."