எட்டடித் தண்ணீருக்கு அடியில்

கண்மாய்களில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எங்கள் அலுவலகத்தின் கணினி மாடல் ஒன்று கணிக்கும். அந்தக் கணிப்பை, கரையில் நட்ட கருவி அனுப்பும் நிஜ அளவோடு ஒப்பிட்டு, தினமும் காலையில் தானாகவே மார்க் போடும் புரோகிராமை எழுதியவன் நான். அவனியாபுரம் தாண்டி ஒரு கண்மாய்க்கு மட்டும் மூன்று வாரமாக நூற்றுக்கு நூறு. அலுவலகத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அந்தக் கருவியைப் படம் எடுக்க ஒருநாள் காலை வண்டியில் போனேன்.

கண்மாய் காய்ந்து கிடந்தது. கரையிலும் உள்ளே இறங்கியும் தேடினேன். கருவியைக் காணோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"அந்தக் கம்பத்தையா தேடுறீக? மடை வேலைக்குத் தண்ணியத் தொறந்து விட்டப்பவே பிடுங்கிட்டாகளே. மூணு வாரமாச்சு சார்."

அப்போது செல்போன் அதிர்ந்தது. அன்றைய அறிக்கை. இதே கண்மாய். கணிப்பு எட்டடி, கருவி காட்டிய அளவு எட்டடி, மார்க் நூறு.

அறிக்கையை இரண்டு முறை படித்தேன். இல்லாத கருவி எங்கிருந்து பேசுகிறது?

பிறகுதான் உறைத்தது. அளவு வராத நாளில் புரோகிராம் நின்றுபோகும் எரிச்சலில், காலி இடத்தில் கணிப்பையே நிரப்பச் சொல்லியிருந்தவன் நான்தான். மாடல் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் அடுத்த வாரம் முதல் கரையோரத் தெருக்களுக்கு வெள்ள எச்சரிக்கை போக இருந்தது.

அன்றே மாற்றிவிட்டேன். ஆனாலும் எங்காவது நூறு என்று பார்த்தால், தலைக்கு மேல் தண்ணீர் நிற்பதுபோல் எனக்கு மூச்சு முட்டுகிறது.