பிரவுசிங் சென்டரில் எடுத்த மாதிரிக் கடிதம்

எங்கள் தெருவில் வக்கீலுக்குப் படிக்கிற பெண் அப்போது நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் காலையில் பஸ் ஏறினால், சென்னையில் கல்லூரிக்குப் போய்ச் சேருவதற்குள் முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். நூலகத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அதைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. தீர்ப்புத் தொகுதிகளை சீனியர்கள் அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார்கள், கேட்டால் முறைப்பார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன். நான் படித்த சட்டத்தில் முக்கால்வாசி ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் படித்தது.

ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கடையில் மொத்தம் ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. கடையை நடத்திய அக்கா, பெண்பிள்ளை தனியாக வருகிறாளே என்று கல்லாவுக்குப் பக்கத்து சீட்டை எனக்குக் கொடுப்பார். ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் நோட்டில் தேதி எழுதி, தலைப்பு எழுதி, அடிக்கோடும் போட்டு முடித்திருப்பேன். இன்டர்நெட்டும் அதே போன் லைனில்தான், கடைக்கு யாராவது போன் பண்ணிவிட்டால் கட்டாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்தால் பாதி நாள் அது திறக்காது. ஆனாலும் ஒரு வார்த்தையைத் தட்டினால் நூறு பக்கம் வந்து விழுகிறதே, அந்த மயக்கம் இருக்கிறதே, அதை இப்போது சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது. கம்ப்யூட்டரில் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். தெருவில் எல்லோருக்கும் பிளஸ் டூ ரிசல்ட் பார்த்துச் சொன்னது நான். பக்கத்து வீட்டுப் பையன் துபாய்க்குப் போனதும் மெயில் அனுப்பிக் கொடுத்ததும் நான். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்லயே சட்டம் பட்ச்சிக்கினு கீது" என்று அம்மா எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாள். நானும் வேண்டாம் என்று தடுத்ததில்லை.

எங்கள் வீட்டுப் பின்னால் வரிசையாக நாலு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். எல்லாம் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், ஒரு ரூமுக்கு ஐந்து பேர். அதில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரகடம் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். தகடை உள்ளே வைத்தால் மெஷின் மேலிருந்து அடித்து வடிவம் பண்ணும், அந்த வேலை. பட்டறையில் மொத்தமே எட்டுப் பேர். அதனால் இ.எஸ்.ஐ. அது இது என்று ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டு மோட்டார் நின்றுபோனால் அவர்தான் வந்து பார்ப்பார். என்னைப் பார்த்தால், "என்ன வக்கீலம்மா, இன்னைக்கு யாரை உள்ள தள்ளப் போற?" என்பார். "உங்களைத்தாண்ணே, வாடகை லேட்டு" என்பேன் நான்.

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற கம்பி ஒன்று பிரஸ்ஸில் இருக்குமாம். வேலை வேகமாக ஓடவேண்டும் என்று அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஓ.டி. பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணனுடைய வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொண்டார். "இவனுக்கு ஏதாவது பண்றேன்" என்றும் சொன்னார். கட்டுப் பிரித்த பிறகு அண்ணன் வாரத்துக்கு ரெண்டு தடவை பட்டறைக்கு நடந்தார். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா, ஆடிட்டர் ஊரில் இல்லை. இப்படியே ரெண்டு மாதம். ஊரில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள், அண்ணன் சம்பாத்தியத்தை நம்பித்தான். மூன்று விரலுக்கு முறையான நஷ்டஈடு வந்தால் ஊரில் ஒரு கடையாவது போட்டு உட்காரலாம், இல்லாவிட்டால் அந்தக் கையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வேலை கேட்பது? அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். அது எனக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, முதலாளிக்கு ஒரு லெட்டர் எழுதித் தாம்மா. இங்கிலீஷ்ல இருந்தா கொஞ்சம் பயப்படுவாருன்னு பயலுவ சொல்லுதானுவ" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் கட்சிக்காரர்! அப்போது நான் ரெண்டாம் வருஷம். ஒப்பந்தச் சட்டம் படித்திருந்தேன், தொழிலாளர் சட்டம் இன்னும் தொடவில்லை. அது தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்லூரியில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். எனக்கு அது கௌரவக் குறைச்சல். மறுநாள் சாயங்காலமே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வேலையில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்கும் மாதிரிக் கடிதம் என்று இங்கிலீஷில் தட்டினேன். வந்து கொட்டியது. அதில் இருப்பதிலேயே கம்பீரமான ஒன்றை எடுத்தேன். பெயர், தேதி, விரல் எண்ணிக்கை என்று காலியாக விட்டிருந்த இடங்களை நிரப்பினேன்.

கடைசிப் பத்தியில், ஆஸ்பத்திரிச் செலவையும் ஒரு மாதச் சம்பளத்தையும் பெற்றுக்கொண்டு இந்தக் காயம் சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன் என்று இருந்தது. நான் படிக்காமல் விட்டேன் என்று சொன்னால் பொய். படித்தேன். கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஆனால் நான் திறந்து பார்த்த நாலைந்து மாதிரியிலும் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. 'தங்கள் உண்மையுள்ள' என்று போடுகிற மாதிரி இதுவும் ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நல்ல இங்கிலீஷை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. அதுதான் நிஜம்.

அண்ணன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். அதற்காக ஒரு பழைய நோட்டில் எழுதி எழுதிப் பழகியிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "எல்லாம் சட்டப்படி கீதுண்ணே, நீங்க போய்க் குடுங்க" என்றேன். அம்மா அடுத்த ஞாயிறே சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்துவிட்டாள். அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வது எங்கள் சபை வழக்கம். விரல் போன ஒரு பிள்ளைக்குத் தன் மகள் இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அந்தப் பிள்ளைக்கு நியாயம் கிடைக்க எல்லோரும் ஜெபிக்கவேண்டும் என்றாள். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணன் திரும்பி வந்தார். கையில் ஒரு செக்கும் கடிதத்தின் நகலும். முதலாளி ரெண்டு தடவை படித்தாராம். ஆடிட்டரைப் போனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாராம். உடனே ஒரு மாதச் சம்பளத்துக்கு செக் எழுதி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, "ஆஸ்பத்திரிச் செலவு ஏற்கனவே குடுத்தாச்சு. நீயே எழுதிட்டியேப்பா, இதோட கணக்கு முடிஞ்சுது" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாராம்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபமே இல்லை. சொன்னேன். தமிழில் சொல்லும்போது அது ரெண்டே வாக்கியம்தான்.

அன்றைக்கு ஓடினேன் பிரவுசிங் சென்டருக்கு. நாலு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியுமா, கையெழுத்துப் போட்ட பிறகு கேஸ் போட முடியுமா என்று விதவிதமாகத் தட்டிப் பார்த்தேன். எந்த எந்த ஊர் வக்கீல்களோ எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், பிறகு திரும்ப முடியாது என்று எல்லாப் பக்கமும் ஒரே பாட்டு. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "பரீட்சையா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் ரூம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் உதறி, பல்லால் பிடித்து, கொடியில் போட்டார். நான் பிரிண்ட் எடுத்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். "எல்லாம் தேடிட்டேண்ணே. ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க" என்றேன்.

நான் எழுதினேன் என்று சொல்லவில்லை. நீங்கள் போட்டீர்கள் என்றேன். அவர் முகம் ஒரு நொடி என்னவோ ஆனது, அப்புறம் சரியாகிவிட்டது. "சரிம்மா. நீ என்ன செய்வ, சின்னப் புள்ள" என்றார். அந்த மாதக் கடைசியில் ரூமைக் காலி பண்ணிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். நான் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில் கிளம்பினார். அப்படி நேரம் பார்த்துத்தான் கிளம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

நாலாம் வருஷத்தில் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு புதன்கிழமை, சாப்பாட்டுக்கு முந்தின வகுப்பு. ஆசிரியை நஷ்டஈட்டுச் சட்டத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் பதினேழாம் பிரிவுக்கு வந்தார். வேலையில் அடிபட்ட தொழிலாளி, எனக்கு நஷ்டஈடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது, முதலாளியின் பொறுப்பு போகாது. ரெண்டு வரிப் பிரிவு. பரீட்சைக்குப் பெரிதாக வராது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

ரெண்டு வருஷத்துக்குள் கேட்டிருக்கவேண்டும் என்று ஒரு கெடுவும் அதே சட்டத்தில் இருந்தது. அது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் மன்னிக்கவும் வழி இருந்தது. அன்றைக்கு சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முன்பு தட்டிய அதே வார்த்தைகளைத் தட்டி, கூடவே இந்தியா என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். முதல் பக்கத்திலேயே வந்தது. பிரிவும் வந்தது, அதை வைத்துத் தொழிலாளிகள் ஜெயித்த தீர்ப்புகளும் வந்தன. அந்த நாலு நாளும் நான் எந்த நாட்டுச் சட்டத்தைத் தேடுகிறேன் என்று சொல்லாமலே தேடியிருக்கிறேன். அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஒரகடம் ரோட்டுக்குப் போனேன். பட்டறை இருந்த ஷெட்டில் வேறு யாரோ அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய முதலாளி மெஷினை எல்லாம் விற்றுவிட்டுப் போய் வருஷம் ஒன்றாகிறது, எங்கே என்று தெரியாது என்றார்கள். அக்கம்பக்கத்தில் நாலு கம்பெனியில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இருந்தும் மனசு கேட்கவில்லை. எங்கள் ரூமில் அண்ணனுடைய ஊர்க்காரப் பையன் ஒருவன் இன்னும் இருந்தான். அவனுடைய செல்போனில் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

"வக்கீலம்மாவா?" என்றார் எடுத்ததுமே. ஒரு அரிசிக்கடையில் நிற்பதாகச் சொன்னார். தங்கை கல்யாணம் தள்ளிப்போய்விட்டதாம், அதைச் சும்மா ஒரு செய்தியாகத்தான் சொன்னார். நான் மூச்சுவிடாமல் கொட்டினேன். அந்தக் கடிதம் செல்லாதுண்ணே, எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது, நான்தான் தப்பு பண்ணிட்டேன், அன்னைக்கே கேஸ் போட்டிருக்கலாம் என்றேன்.

அவர் கடையில் யாரையோ கொஞ்சம் இருக்கச் சொன்னார். அப்புறம், "அது எனக்கு அப்பமே தெரியும் தங்கச்சி" என்றார்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் யூனியன்காரராம். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் அவரைத் தேடிப் போய்க் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். இது செல்லாது, தைரியமாகக் கேஸ் போடு, நான் கூட வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"பின்ன ஏண்ணே போடல?"

"முதலாளிட்ட நாந்தாம்மா பெருமையா சொல்லிப்புட்டேன், எங்க வீட்டு ஓனரம்மா மவ எழுதித் தந்தான்னு. பொறவு போய்க் கேஸ் போடப்போறேன்னு சொன்னதுக்கு, போட்டா அந்தப் புள்ளயத்தான் மொதல்ல கூண்டுல ஏத்துவேன்னுட்டாரு. படிக்கும்போதே வக்கீல் வேல பாத்தது குத்தமாம்லா, காலேஜ விட்டே தூக்கிருவாவளாம். எனக்கு வெரலு போனது போச்சு. உன் படிப்பும் போவணுமா? அதான் பேசாம வந்துட்டேன்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஒனக்கு ஒண்ணும் தொந்தரவு வரலைல்லா?" என்று கேட்டார்.

தெரிந்தவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்ததற்காக எந்தக் கல்லூரியும் யாரையும் வெளியே அனுப்பாது. அப்படி ஒரு குற்றமே கிடையாது. அவருக்குக் கிடைக்கவேண்டியது எல்லாம் ஒரு பொய் மிரட்டலுக்குப் போயிருந்தது, அதுவும் எனக்காக. அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இல்லண்ணே, ஒண்ணும் வரல" என்றேன். "உங்களாலதான் என் படிப்பு தப்பிச்சுது."