மீன்செதில் பாவாடையும் என் தொப்பையும்

ஏலக்கூடத்தில் முதல் நாளே எனக்கு ஒரு சோடி வெள்ளைக் கையுறை தந்தார்கள். அன்று முழுவதும் சத்திரசிகிச்சை நிபுணர் மாதிரித் திரிந்தேன். மதியம் இடியப்பத்தையும் அதே கையுறையோடு பிடித்ததால் மறுநாள் வேறு சோடி தர வேண்டியதாயிற்று.

2011, மெல்பேர்ன். புறநகர் கிரான்பர்னிலிருந்து வந்து சீனப் பழம்பொருட்களைத் தூக்கி வைப்பது என் வேலை. எந்தச் சாடி எந்த அரசர் காலத்தது என்று தெரியாது. எது கனம் என்று நன்றாகத் தெரியும்.

ஒருமுறை சிவப்புப் பட்டுப் பாவாடை ஒன்று ஏலத்துக்கு வந்தது. மலேசியச் சீனரான மிஸஸ் லிம், தன் தாயின் கலியாணப் பாவாடையைக் கொண்டுவந்திருந்தார். அவர் சின்ன யூனிட்டுக்கு வீடு மாறுகிறார். "விற்காவிட்டால் வெட்டிக் குஷன் உறை தைப்போம்" என்று மகன் சொல்லிவிட்டாராம். அருமை தெரிந்த ஒருவர் கைக்கு அது போக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்வையிட விடும் நாளன்று எங்கள் மனேஜர் கிரேம் அதைச் சுவரில் தொங்கவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் பக்கத்திலிருந்த டிராகன் அங்கியைப் படமெடுத்தார்கள். பாவாடை மூடிய குடை மாதிரித் தொங்கியது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மெல்லிய மடிப்புகள். மடிப்பையும் மடிப்பையும் சேர்த்து அங்கங்கே சின்னச் சின்னத் தையல். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது! கலியாணங்களுக்கு என் மனைவி சாறிக் கொய்யகத்தை முதல்நாளே மடித்து நூலோட்டி வைப்பாள். கட்டிய பிறகு நூலை வெட்டி உருவுவது என் பொறுப்பு. இங்கே யாரோ உருவ மறந்துவிட்டார்கள்! கையுறை போட்ட சத்திரசிகிச்சை நிபுணர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐயோ தம்பி! கத்திரிய கீழ போடு லா!"

தமிழ்! திரும்பினால் மிஸஸ் லிம். ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவராம்.

"அந்த நூல வெட்டினா பாவாடையே போச்சு. நடந்தாத்தான் தெரியும். எனக்கு முட்டி ஆபரேஷன். நீ கட்டு."

"நானோ அன்ரி?"

"நீதானே வெட்ட வந்தே? நீயே கட்டு."

பழைய பட்டு என்று கிரேம் பதறினார். "என் அம்மாவுடையது, என் இஷ்டம்" என்று ஆங்கிலத்தில் ஒரே போடாகப் போட்டார் மிஸஸ் லிம். சுற்றிக் கட்டுகிற பாவாடைதான். வீட்டில் லுங்கி மாதிரிச் சாரம் கட்டிப் பழகிய எனக்கு அது புதிதில்லை. நாடாதான் எட்டவில்லை.

"மூச்ச உள்ள இழு தம்பி."

"இழுத்திட்டன் அன்ரி. இதுதான் மிச்சம்."

எப்படியோ முடிச்சு விழுந்தது. ஓரடி வைத்தேன். ஒவ்வொரு மடிப்பும் விரிந்து, நூல் பிடித்த இடத்தில் நின்று, பாவாடை முழுக்க மீன்செதில் எழுந்தது! உள்ளே ஒளிந்திருந்த நீலப் பூக்கள் அடிக்கு அடி மின்னி மறைந்தன. டிராகனை விட்டுவிட்டு எல்லாக் கமெராவும் என் இடுப்புக்கு வந்தன. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"ஓடாதே! கல்யாணப் பொண்ணு ஓடுவாளா?"

நாணத்தோடு நடந்தேன். கூட்டம் கை தட்டியது. ஒரு டீலர் ஏலம் எந்த விலையில் தொடங்கும் என்று கேட்டார். கிரேமின் முகம் மலர்ந்தது.

அப்போது தாயை ஏற்றிப்போக வந்த மகன் கார்ச் சாவியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். பெட்டிக்குள் மடித்து வைத்த துணியாக மட்டுமே அதை அவர் கண்டிருக்கிறார்.

"அம்மா, இதையா நான் வெட்டச் சொன்னேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு என்னிடம், "இன்னொரு தரம் நடப்பீர்களா?" என்றார்.

நடந்தேன். அவர் நேரே கிரேமிடம் போனார். "இதை ஏலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்."

மிஸஸ் லிம் மகனின் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, அவுத்துக் குடு லா. நாடா கத்துது" என்றார்.

இளம் தோழர்களே, இந்த வேலைக்கு வந்தால் பழைய உடுப்பில் கை வைக்கும் முன் அது எப்படி அசைந்தது என்று உடையவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பழக்கத்தைக் கத்தரிக்கோலோடு கொண்டுவராதீர்கள்.

அன்று மாலை கிரேம் என் தோளில் தட்டினார். "நன்றாக நடந்தாய். இனிமேல் நடக்காதே."