பூவரசெண்ணெயும் பத்து விரல்களும்

மகளுக்குப் புற்றுநோய் என்று கனடாவிலிருந்து மருமகன் அறிவித்த வாரமே என் மனைவியின் விசா விண்ணப்பத்தை நிரப்பி முடித்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கச்சேரியில் படிவங்களோடு வாழ்ந்தவன் நான். எந்தப் பிரதியை யார் உறுதிப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொழும்பு விசா நிலையத்தில் இருந்த கைரேகை இயந்திரம் மட்டும் என்னைத் தோற்கடித்தது. மனைவியின் பத்து விரல்களில் ஒன்றைக்கூட அது ஏற்கவில்லை.

அவளுடைய கைகள் பல வருடங்களாகவே வறண்டு, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரான சரவணையில் கிணறு உவர். அந்தத் தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்து விரல் நுனிகளில் வெடிப்புகளைத் தவிர வேறு கோடு எதையும் விட்டுவைக்கவில்லை. விரல் இல்லாதவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. விரல் இருந்து ரேகை இல்லாதவர்களுக்கு இன்னொரு திகதி.

எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் குடியிருக்கும் பெண்ணுக்கு மூலிகை தெரியும். வேலியிலிருந்து பூவரசம் இலை பறித்து அரைத்து, தேங்காயெண்ணெயில் ஈரம் வற்றக் காய்ச்சிப் போத்தலில் கொண்டுவந்தார். பகலில் கற்றாழைச் சோறு பூசுவது. படுக்குமுன் எண்ணெய், அதன்மேல் பழைய வேட்டித் துணியால் கட்டு. குளிக்கும் நாட்களில் குப்பைமேனியும் மஞ்சளும். நான் இவற்றை அட்டவணையாக எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினேன். அவர் நின்று வாசித்தார்.

“ஒண்டை விட்டிட்டியள் அண்ணை. கை தண்ணியில படக்கூடாது. அதுக்கு ஏலாதெண்டால் இந்த எண்ணெயைத் திருப்பி வேலிக்கே ஊத்துங்கோ.”

அதையும் ஐந்தாம் இலக்கமாகச் சேர்த்தேன். பிறகு மத்தியானம் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். அவள் கழுவினாள்.

இரண்டாம் தடவை இயந்திரம் மூன்று விரல்களை ஏற்றது. அம்மா எப்போது வருவா என்று மகள் தொலைபேசியில் கேட்டாள். நான் நடைமுறையை விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். மூன்றாம் தடவைக்குத் திகதி கிடைத்த சில நாட்களில் இறந்துபோனாள்.

கட்டிக்கொடுத்த மகளின் சாவுக்குப் பெற்றோர் வீட்டில் முப்பத்தொரு நாள் முழுத் துடக்கு இல்லை. ஐயரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மனைவி யாரிடமும் கேட்கவில்லை. முப்பத்தொரு நாளும் அவள் அடுப்பு மூட்டவில்லை, துணி துவைக்கவில்லை, கோப்பை தொடவில்லை. சாப்பாடு அயலிலிருந்து வந்தது. பின்வளவுப் பெண் பின்னேரங்களில் வந்து அவளுடைய விரல்களில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவார். கோப்பைகளை நான் கழுவினேன். அது கடினமான வேலையே இல்லை.

திகதி நெருங்கியபோது, இனிப் போகத் தேவையில்லை, ரத்துச் செய்யும் முறை எனக்குத் தெரியும் என்றேன்.

“தந்த திகதிதானே. போவம்,” என்றாள்.

பத்து விரல்களையும் இயந்திரம் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. அங்கு வேலை செய்த பெண் எங்களை ஞாபகம் வைத்திருந்தாள். கை நன்றாக மாறிவிட்டதே, என்ன பூசினீர்கள் என்று கேட்டாள். மனைவி பூவரசெண்ணெய் காய்ச்சும் விதத்தை ஒன்றும் விடாமல் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு அந்தப் பெண் விண்ணப்பத்தை நீட்டி, மாற்றம் ஏதும் இருந்தால் திருத்தித் தரச் சொன்னாள். பயண நோக்கம் என்ற பெட்டியில் என்னுடைய கையெழுத்து: சுகவீனமுற்ற மகளைப் பார்த்தல். பிழையான தகவல் கொடுப்பது குற்றம் என்று கீழே அச்சிட்டிருந்தது. நான் பேனையைத் திறந்து, அந்த வரியை வெட்டப் போனேன்.

மனைவி என் கையைப் பிடித்தாள்.

“அதை வெட்டாதேங்கோ.”